தம் வோட்டைத் தாமே அளித்தல்
(தளவாய்புரத்து வோட்டுத் தினத்தைக் குறித்த பிரசங்கம்)



ஐக்கிய நாணய சங்கத்தின் அங்கத்தினர்க்கு வோட்டு என்பது புதிய விஷயமன்று. ஒரே பங்கு எடுத்த ஏழை நெசவாளர்க்கும், பல பங்குகள் எடுத்த மிராசுதாரர்க்கும் சங்கத்தின் மகாசபையில் ஒரு வோட்டுத்தான் உண்டு. 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் சிலர் ஒன்றுசேர்ந்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் சிறு கடை ஒன்று தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு வோட்டு என்னும் வழக்கம் அவர்களுடைய சங்கத்தினால் உலகெங்கும் பரவிற்று. 1904-ஆம் வருஷத்தில் இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் ஏற்பட்டபின் இந்நாட்டுக் கிராமங்களும் அதைப் பழகிக்கொண்டன.

இவ்வழக்கத்தோடு ஒட்டிய இன்னொரு நிபந்தனையும் உண்டு. அங்கத்தினர் தாமே நேரில் வந்து வோட்டளிக்க வேண்டும். தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாகாது. மில் கம்பெனி ஒன்றில் பங்கு வாங்கியவர்க்கு இந்தத் தொந்தரவு இல்லை. அங்கே பங்குகளின் கணக்குக்குத் தக்கபடி வோட்டு. வர இயலாதவர் ‘பிராக்ஸி’ என்னும் பதிலாளை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். கம்பெனியில் எண்ணப்படுவது பணம். சங்கத்தில் எண்ணப்படுவது ஆள். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் நடக்கும் தேர்தல்கள் இவ்விஷயத்தில் சங்கத்தைப் போன்றவையே.

கிராமத்தில் எத்தனையோ காரியங்களை மற்றொருவர் கையில் கொடுத்தனுப்புவது சகஜம். கிஸ்திப் பணத்தை மகன் கொண்டுபோய்க் கட்டுகிறான். கலியாண வீட்டுக்குப் போக முடியாதவர் பக்கத்து வீட்டார் கையில் மொய் கொடுத்தனுப்புகிறார். சங்கத்துத் தவணையைக்கூட யார் கட்டினாலும் காரியதரிசி ரசீது போட்டுத் தருவார். அப்படியிருக்க, வீட்டில் நான்கு வோட்டு இருந்தால் நால்வரும் வேலையைப் போட்டுவிட்டு வெயிலில் போய் நிற்பானேன், குடும்பத் தலைவர் ஒருவரே நால்வர்க்குமாகப் போட்டுவிட்டால் என்ன என்னும் கேள்வி எழாமலில்லை. மேலுக்குப் பார்த்தால் நியாயமான கேள்வியாகவே தோன்றும். வோட்டுச் சாவடிக்குள் நடப்பவற்றை ஒவ்வொன்றாகக் கவனித்தால் அதற்கு விடை கிடைக்கும்.

ராஜபாளையம் தாலூகாவைச் சேர்ந்த தளவாய்புரம் நெசவுக்கும், ‘நைட்டி’ முதலிய ஆயத்த ஆடைத் தையலுக்கும் பெயர்பெற்ற ஊர். சேத்தூர், முகவூர், செட்டியார்பட்டி என்பன அதன் சுற்றுப்புறத்து ஊர்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லாவின் பெயர் மட்டும் மாறி வந்திருக்கிறது. இப்பகுதி முற்காலத்தில் திருநெல்வேலி ஜில்லா. 1910 முதல் ராமநாதபுரம் ஜில்லா. 1985 முதல், இப்பொழுது விருதுநகர் எனப்படும் ஜில்லா. சட்டசபைக்கு இவ்வூரார் ராஜபாளையம் தொகுதியில் வோட்டளிக்கிறார்கள். பார்லிமெண்டுக்கோ, 2008-ஆம் வருஷத்துத் தொகுதிப் பிரிவினைக்குப் பின், பக்கத்து ஜில்லாவின் பெயரைத் தாங்கிய தென்காசித் தொகுதியில் வோட்டளிக்கிறார்கள். ஊர் மாறாமலே அதன் வோட்டு வேறு தொகுதிக்குப் போய்விடக்கூடும் என்பதற்கு இது தக்க உதாரணம். தேர்தல்தோறும் வோட்டர் ஜாபிதாவைப் பார்த்துக்கொள்வது இதனாலும் அவசியமாகிறது.

வோட்டின் பழமையைப் பேசுவோர் உடனே உத்தரமேரூர்க் குடவோலையை எடுத்துச் சொல்வர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் வருஷங்களில் அங்கே கல்லில் வெட்டிய சாசனங்கள் உண்மையிலேயே ஆச்சரியமானவை. ஆயினும் அக்காலத்தில் யாவர்க்கும் வோட்டு இருந்ததென்று சொல்லுவது சரியன்று. அது ஒரு பிரம்மதேய ஊரின் சபை. கால் வேலிக்கு மேற்பட்டு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும் உடையவர் பெயர்களை மட்டுமே ஓலையில் எழுதினார்கள். அவற்றைக் குடத்திலிட்டுச் சீட்டாக எடுத்தார்களேயன்றி, இக்காலத்து வோட்டைப்போல் எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் அச்சாசனத்தில் ஒரு செய்தி இங்கே பொருந்தும். இளையோர் முதல் முதியோர் வரை சபையார் எல்லோரும் வந்து கூடியிருக்க வேண்டும். பூசை செய்வோருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். விவரமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரல்களும் விரிந்திருக்க உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்துக்கொள்ள இடங்கொடாமலிருப்பதற்கே இந்த ஏற்பாடு. ஏமாற்றுவோரின் கைத்திறமை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நன்கு அறியப்பட்டிருந்தது.

பிரிட்டிஷார் காலத்தில் வோட்டு நிலத்தோடும் வரியோடும் படிப்போடும் கட்டுண்டு கிடந்தது. 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபொழுது, கூலிக்கு நெய்பவர்க்கும் உழுபவர்க்கும் பெரும்பாலும் அதில் இடமில்லை. ஜமீன்தார்களுக்கோ தனித் தொகுதிகளே வகுக்கப்பட்டிருந்தன. பெண்களுக்கு வோட்டளிக்கச் சென்னைச் சட்டசபை 1921-இல் இசைந்தது. ஆனால் சொத்துடைமை நிபந்தனை அவர்களுக்கும் உண்டாகையால் பயன் பெற்றோர் சிலரே. 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழும், பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் வோட்டுரிமை பெற்றவர் சுமார் 3 கோடிப் பேரே. 1937-ஆம் வருஷத் தேர்தலில் எழுத்தறியாதார்க்காகச் சென்னை மாகாணத்தில் கட்சிகளுக்கு நிறம் நிறமாகப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். காங்கிரஸின் மஞ்சள் பெட்டியைப் பற்றிப் பெரியோர் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தனர்.

நிலம், வரி, படிப்பு ஆகிய கேள்விகள் இல்லாமல் 21 வயது நிரம்பிய யாவரும் வோட்டளித்த முதற் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952-இல் முடிந்தது. வோட்டர்கள் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள். (வயதை 18 ஆகக் குறைத்தது 1989-இல்.) அத்தேர்தலில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசுவாமி ராஜா. அவரே தோல்வியுற்றார். பதவியில் இருக்கும் முதல் மந்திரியை அவர் நாட்டு ஜனங்களே சீட்டுப் போட்டு இறக்கிவிடக்கூடும் என்பது அதற்கு முன் இப்பக்கத்தார் கண்டறியாத காட்சி. தோற்றவர் தம் வீட்டைக் கலை மன்றத்துக்குத் தானமாகக் கொடுத்தார். ராஜபாளையத்துக் காந்தி கலை மன்றம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அத்தேர்தலில் நடந்த இன்னொன்றை ஸ்திரீகள் கேட்டு வைக்க வேண்டும். வடக்கே சில ராஜ்யங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் சொன்னார்கள். தேர்தல் கமிஷனராக இருந்த சுகுமார் சென் அதற்கு இணங்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டது. கொடுமையென்று அப்பொழுது பலர் நினைத்தனர். எனினும் கணவர் பெயராலோ மகன் பெயராலோ வோட்டளிக்க முடியாது என்பதை அந்தக் கண்டிப்பே நாட்டுக்குக் கற்பித்தது. அடுத்த தேர்தலுக்குள் பெண்களிற் பெரும்பாலார் தம் சொந்தப் பெயரைக் கொடுத்துப் பதிந்துகொண்டார்கள்.

இனித் தளவாய்புரத்து நெசவாளர் ஒருவர் வோட்டுத் தினத்தன்று காலையில் புறப்பட்டுப் போவதாக வைத்துக்கொள்க. உதாரணமாக 2024-ஆம் வருஷம் ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு முழுவதும் பார்லிமெண்டுக்கு அன்று ஒரே நாளில் வோட்டெடுப்பு நடந்தது. சாவடி வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேற்படாத தூரத்தில் இருக்க வேண்டுமென்பது கமிஷனின் ஏற்பாடு. நெசவாளர் நடந்தே போகலாம். நடந்து போவதே நல்லது. அபேட்சகர் வண்டி அமர்த்தி வோட்டர்களை ஏற்றிப் போவது சட்டப்படி தேர்தல் ஊழல். ஏறிப் போகிறவர்க்கு அது உபகாரமாகத் தோன்றலாம். ஆனால் ஏற்றி வந்தவர் சாவடி வாசல்வரை கூடவே வருவார்.

காலை 7 மணிக்குச் சாவடி திறக்கும். அதற்கு வெகுநேரம் முன்பே, அபேட்சகர்களுடைய ஏஜெண்டுகளின் எதிரில், யந்திரத்தில் 50 வோட்டுக்குக் குறையாமல் மாதிரியாகப் போட்டு, கணக்குச் சரியென்று கண்டு, அவற்றை அழித்து, முத்திரை வைத்திருப்பார்கள். சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வோட்டுக் கேட்கலாகாது. உள்ளே நுழைந்தால் முதல் உத்தியோகஸ்தரின் எதிரில் ஜாபிதாப் பிரதி இருக்கும். நெசவாளர் தம் அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். உத்தியோகஸ்தர் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிக்கிறார்.

உரக்க வாசிப்பதன் காரணம் பலர்க்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் உள்ளூரார். பெயரைக் கேட்டு முகத்தைப் பார்ப்பவர்கள். வந்தவர் வேறு ஆள் என்று ஒரு ஏஜெண்டு நினைத்தால் ஆட்சேபிக்கலாம். அதற்கு 2 ரூபாய் கட்டவேண்டும். தலைமை உத்தியோகஸ்தர் உடனே விசாரிப்பார். ஆட்சேபம் ருசுவாகாவிட்டால் வந்தவர் வோட்டளிப்பார். வீண் வம்புக்குச் செய்ததென்று கண்டால் அந்த 2 ரூபாய் சர்க்காரைச் சேரும். ருசுவானால் ஆள்மாறாட்டம் செய்தவர் போலீஸார் வசம் ஒப்புவிக்கப்படுவார். பட்டணத்தில் அடுத்த வீட்டாரையே அறியாதவர்கள் ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருக்கக்கூடும். கிராமத்தில் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியும். இவ்விஷயத்தில் கிராமத்துச் சாவடி பட்டணத்துச் சாவடியைக் காட்டிலும் பத்திரமானது என்றே சொல்லலாம்.

இரண்டாவது உத்தியோகஸ்தர் இடக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்து மை வைக்கிறார். ரிஜிஸ்தரில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுக்கிறார். இந்த மை, 1937-இல் மைசூரில் ஏற்பட்ட பெயிண்டு தொழிற்சாலை 1962-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தல் முதல் செய்து தருவது. அதில் வெள்ளி உப்பு ஒன்று கலந்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் கறுத்து, தோலிலும் நகத்திலும் பற்றிக்கொள்ளும். சாயத்தொட்டியில் கைவிட்டுப் பழகியவர்க்கு விரலிற் கறை படுவது புதிதன்று. ஆனால் மற்றச் சாயம் கழுவினால் போகும். இது நகம் வளர்ந்தால்தான் போகும். வேறொருவர் பெயரால் மறுபடி வருவதை இக்கறை தடுக்கிறது.

மூன்றாவது உத்தியோகஸ்தர் சீட்டை வாங்கிக்கொண்டு தம் யந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கி ஒரு வோட்டுக்கு மட்டும் வழிவிடுகிறார். பிறகு நெசவாளர் அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியே போகிறார். அங்கே அவரைத் தவிர ஒருவரும் போகலாகாது. மனைவியின் பின்னே கணவர் போகலாகாது. தொழிலாளியின் பின்னே முதலாளி போகலாகாது. அபேட்சகரின் பெயர்க்கும் சின்னத்துக்கும் நேராகவுள்ள நீலப் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்திலுள்ள பெட்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு 7 விநாடி தெரிந்து உள்ளே விழும். ‘பீப்’ என்று ஓசை கேட்கும். காரியம் முடிந்தது.

அச்சீட்டைக் கையிற் கொடுத்தால் என்ன, சங்கத்தில்கூட ரசீது தருகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு, “சீட்டைக் காட்டு” என்பார். கடன் கொடுத்தவர் கேட்பார். தறிக்கு நூல் கொடுப்பவர் கேட்பார். ஊர்ப் பெரியதனக்காரர் கேட்பார். ரசீது இல்லாமையே வோட்டர்க்குப் பாதுகாப்பு. கைப்பேசியை உள்ளே கொண்டுபோகலாகாது என்பதும் இதற்காகவே. படம் பிடித்தால் அதுவும் ரசீதுதான். 1951-52 தேர்தலில் அபேட்சகர்க்கு ஒரு பெட்டியாகச் சின்னம் ஒட்டி வைத்திருந்தார்கள். அப்பொழுது சீட்டைப் பெட்டியிற் போடாமல் மடியில் மறைத்து வெளியே கொணர்ந்து விற்றுவிட இடமிருந்தது. ஒரே சீட்டில் எல்லா அபேட்சகர் பெயரையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை பிற்பாடு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுத் தலைவரே நால்வர்க்கும் போட்டுவிட்டால் என்ன என்னும் கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. ஒருவர் வோட்டை மற்றொருவர் கொண்டுபோய்ப் போடலாமென்றால், அதை யாருக்குப் போட்டார் என்பது குறைந்தது இருவர்க்குத் தெரியும். இருவர்க்குத் தெரிந்ததற்கு விலை உண்டு, மிரட்டலும் உண்டு. தாமே போய்த் தனியே நின்று அளித்த வோட்டைப் பற்றி வெளியில் என்ன சொன்னாலும், உண்மை அவர் ஒருவர்க்கே தெரியும். இங்கிலாந்திலேயே 1872 வரையில் வோட்டர் மேடைக்கு எதிரில் நின்று தாம் விரும்பும் அபேட்சகர் பெயரை எல்லோரும் கேட்கச் சொல்லவேண்டியிருந்தது. குத்தகைக்காரன் நிலச்சுவான்தாருக்கு எதிராக வாய் திறந்தால் அடுத்த வருஷம் குத்தகை போயிற்று. 1856-இல் ஆஸ்திரேலியாவில் ஏற்பட்ட இரகசிய வோட்டு முறையை இங்கிலாந்து 16 வருஷங் கழித்தே கைக்கொண்டது.

இதில் ஒரு குறையும் இல்லாமலில்லை. யந்திரம் வந்தபின் ஆளின் இரகசியம் காக்கப்படுகிறது. ஊரின் இரகசியம் காக்கப்படுவதில்லை. சாவடிவாரியாக எண்ணுவதால், இன்ன தெருவார் யாருக்கு அதிகம் போட்டார்கள் என்பது ஒருவாறு தெரிந்துவிடுகிறது. பல சாவடிகளின் கணக்கை ஒன்றாகக் கலந்து கூட்டும் கருவியைத் தேர்தல் கமிஷன் 2008-இலேயே சிபாரிசு செய்தும் அது 2024-ஆம் வருஷத் தேர்தல் வரையில் வழக்கத்துக்கு வரவில்லை. வெற்றி பெற்றவர் தமக்குப் போடாத தெருவுக்குச் சாலை போடாமல் விட்டுவிடுவாரோ என்னும் பயம் கிராமத்தார்க்கு இருப்பது வீண் பயமன்று.

கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் சற்று வேறுவிதம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஜில்லாக்களில் அது நடந்தபொழுது, கிராமத்து வோட்டர் கையில் யந்திரத்துக்குப் பதிலாக நான்கு காகிதச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. வார்டு மெம்பருக்கு வெள்ளை, பஞ்சாயத்துத் தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, ஜில்லாக் கவுன்சிலருக்கு மஞ்சள். ரப்பர் முத்திரையை ஒரே இடத்தில் குத்தி, ஈர மை வேறொரு சின்னத்தின்மேல் ஒட்டாதபடி முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் மடிக்க வேண்டும். கவலையின்றி மடித்ததனால் செல்லாதவையான வோட்டுகள் தேர்தல்தோறும் உண்டு. அத்தனை தூரம் நடந்து வந்து மடிப்பில் கோட்டை விடுவது பரிதாபம்.

நேரில் போவதென்றால் போகத்தக்க நிலைமையும் இருக்க வேண்டும். நெய்பவர்க்கும் தைப்பவர்க்கும் உருப்படிக்குக் கூலி. ஒரு நாள் தறி நின்றால் அன்றைய அடுப்புக்குக் கேடு. இதையறிந்தே, வோட்டுத் தினத்தன்று வியாபாரம், தொழிற்சாலை முதலியவற்றில் வேலை செய்யும் வோட்டர்க்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டுமென்று 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. தினக்கூலிக்காரர்க்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் உண்டு. உருப்படிக் கூலிக்காரர்க்கு இதன் பயன் எவ்வளவு கிட்டுகிறது என்பது சந்தேகமே. கூலி கொடுப்பவர்களைக் கொண்டு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள நெசவாளர் சங்கங்களால் இயலும்.

பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டவர் பாடு இதைவிடக் கஷ்டம். பெயர் தளவாய்புரத்தில் இருந்தால் தளவாய்புரத்துக்கே வரவேண்டும். இல்லையேல் குடியிருக்கும் ஊரில் மாற்றிக்கொள்ள வேண்டும். இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வோட்டளிக்கத்தக்க யந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் தேர்தல் கமிஷன் அறிவித்தது. கட்சிகள் பல ஆட்சேபித்தமையால் 2024-ஆம் வருஷத் தேர்தலில் அது உபயோகத்துக்கு வரவில்லை. படைவீரர்களில் ஒரு வகுப்பார்க்கு மட்டும் பதிலாள் மூலம் வோட்டளிக்க 2003-இல் அனுமதி ஏற்பட்டது. முதியோர்க்கும் ஒரு வசதி வந்திருக்கிறது. 2024-இல் 85 வயதுக்கு மேற்பட்டவர்களும், நூற்றுக்கு 40-க்குக் குறையாத அங்கக் குறையுடையவர்களும், முன்னதாக மனுக் கொடுத்திருந்தால், உத்தியோகஸ்தர்களே மறைப்பு அட்டையுடன் வீட்டுக்கு வந்து வோட்டு வாங்கிச் சென்றார்கள். சாவடிக்கே வரும் கண் தெரியாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். அத்துணைவர் இரகசியத்தை வெளியிடேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஒருவர்க்கு மேல் துணை போகலாகாது. தெருவிலுள்ள கிழவிகளையெல்லாம் ஒரே பரோபகாரி கைப்பிடித்து அழைத்துப் போவதைச் சட்டம் இவ்வாறு தடுத்திருக்கிறது.

போய்ப் பார்த்தால் தம் வோட்டை வேறு யாரோ முன்னமே போட்டுவிட்டுப் போயிருப்பதும் உண்டு. அப்பொழுது பலர் தலையிலடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். திரும்பலாகாது. தலைமை உத்தியோகஸ்தரின் கேள்விகளுக்கு விடை சொல்லித் தாமே உண்மையான வோட்டர் என்று காட்டினால், அவர்க்கு அச்சிட்ட காகிதச் சீட்டு ஒன்று கொடுக்கப்படும். ‘டெண்டர் வோட்டு’ என்பது அதன் பெயர். அது யந்திரத்திற் சேராது, தனி உறையில் வைக்கப்படும், சாதாரணமாக எண்ணப்படுவதுமில்லை. பின் எதற்கு என்று கேட்கலாம். 2008-இல் ராஜஸ்தானத்து நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி 62,215 வோட்டுப் பெற்றார். அவரை எதிர்த்தவர் 62,216. அவ்வழக்கில் டெண்டர் வோட்டுகளைப் பற்றிய வாதம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. உறையில் கிடந்த காகிதத்துக்கு அங்கே உயிர் வந்தது.

ஒரு வோட்டு வித்தியாசம் அபூர்வமென்று சொல்வதற்கில்லை. கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளி தொகுதியில் 2004-இலும் அவ்வாறே நடந்தது: 40,752-க்கு 40,751. தெற்கே திருநெல்வேலி ஜில்லா ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49. விருதுநகரிலேயே 1967-இல் காமராஜர் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் தோற்றது 1,285 வோட்டில். அதே காமராஜரை 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியார் பார்லிமெண்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இவ்வளவும் வோட்டளிக்க வழி இருக்கும் ஊர்களைப் பற்றியது. வழியே அடைபட்டிருந்த ஊர்களும் உண்டு. மதுரை ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், இதே விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு பஞ்சாயத்துகளின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பார்க்கென ஒதுக்கப்பட்டது. அதைப் பொறாத மற்ற வகுப்பார் கட்டுப்பாடு செய்தனர். ஒன்று, மனுச் செய்ய ஆளே முன்வரவில்லை. அல்லது, தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே ராஜினாமாச் செய்தார். பத்து வருஷம் இவ்வாறு கழிந்தது. பெட்டியும் ஜாபிதாவும் உத்தியோகஸ்தரும் இருந்தும் தேர்தல் இல்லை. 2006 அக்டோபரில், சர்க்கார் அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று பலமுறை பேசியபின், நான்கு இடங்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்பது கூட்டத்தில் கையைத் தூக்கச் செய்யவல்லது. மனுவைத் தடுக்கவும் வல்லது. அட்டை மறைப்புக்குப் பின்னால் மட்டும் அது நுழைய முடியாது. ஆகவேதான் சாவடிக்கே எவரும் வராதபடி செய்ய அது அவ்வளவு பாடுபடுகிறது.

பணக் கட்டுப்பாடும் அப்படியே. பணம் பட்டுவாடா செய்ததற்காகச் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலை 2017 ஏப்ரலிலும், வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தலை 2019 ஏப்ரலிலும் தேர்தல் கமிஷன் ரத்து செய்தது. கொடுப்பவரைப்போலவே வாங்குபவரும் குற்றவாளி என்பது சட்டம். வாங்கிவிட்டோமே, சத்தியம் செய்துவிட்டோமே என்று பயந்து, மனத்துக்கு ஒவ்வாதவர்க்கே போட்டுவிட்டு வரும் சாது ஜனங்கள் உண்டு. மறைப்புக்குப் பின்னால் கணக்குக் கேட்பார் இல்லையென்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது சங்கத்துப் பெரியோர்க்குத் தகும்.

மாலை 6 மணிக்கு வோட்டெடுப்பு முடிகிறது. அந்நேரத்தில் வரிசையில் நிற்பவர் எத்தனை பேரானாலும் அவர்களுக்கு வோட்டு உண்டு. தலைமை உத்தியோகஸ்தர் வெளியே வந்து எண் எழுதிய சீட்டுகள் கொடுப்பார். முதற் சீட்டு வரிசையின் கடைசியில் நிற்பவர்க்கு. அங்கிருந்து முன்னோக்கிக் கொடுத்து வருவார். 6 மணிக்குப் பின் ஓடி வருபவர் வாலில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க இந்தத் தலைகீழ் வரிசை. தறியை நிறுத்திவிட்டுக் கடைசி நிமிஷத்தில் வந்து நின்றவர் கையில் 1-ஆம் நம்பர் சீட்டு இருக்கும். இருட்டினாலும் அவர் வோட்டளித்தே வீடு போகலாம். அவரும் வெளியே வந்தபின் யந்திரத்தை மூடி, மொத்தம் இத்தனை பேர் வோட்டளித்தார்கள் என்று 17-சி நமூனாவில் எழுதி, கையெழுத்திட்ட பிரதியை ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். அரக்கு முத்திரை காய்ந்ததும், போலீஸ் காவலோடு பெட்டிகள் வண்டியில் ஏறுகின்றன.